அதையும் சொல்லுங்கோ அண்ணை

கட்டில் விரிப்பைத் தனியாளாய் மடிக்க முடியாது. ஒருத்தி இரண்டு முனைகளைப் பிடிக்க, எதிரே நிற்பவள் மற்ற இரண்டையும் பிடிக்கவேண்டும். உதறி, இழுத்து, நடுவில் வந்து கையோடு கை வைத்து முனைகளை ஒப்படைக்கவேண்டும். ரொறன்ரோ நகர நடுவில் இருந்த ஹோட்டல் ஒன்றின் நிலக்கீழ்ச் சலவைக்கூடத்தில் யூஜினி நாளுக்கு எட்டு மணிநேரம் இதைத்தான் செய்தாள். எதிர் முனையில் நின்றவள் லெதாய்.

யூஜினி யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி. எண்பத்தொன்பதில் புருசன் நீக்கிலாசோடு கனடாவுக்கு வந்து, அகதி வழக்கில் வென்று, அஜின்கோர்ட்டில் பதினோராம் மாடியில் குடியிருந்தாள். லெதாய்க்கு எரித்திரியாவில் கெரன் என்ற ஊர். தொண்ணூற்றிரண்டில் சூடானிலிருந்து வந்து அகதி வழக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். இருவருக்கும் பொதுவாய் இருந்தது வேலைத்தளத்தில் பொறுக்கிய ஆங்கிலம் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு கதைக்காத கதை இல்லை.

லெதாய் தன் நாட்டின் கதையை விரிப்புக்கு ஒரு துண்டாகச் சொன்னாள். முதலில் இத்தாலிக்காரன் ஆண்டான். அவன் யுத்தத்தில் தோற்றுப்போக ஆங்கிலேயன் வந்தான். அவன் போகும்போது பெரிய நாடுகள் கூடிப் பேசி எரித்திரியாவை எதியோப்பியாவோடு சேர்த்துவைத்தன. தனிச் சட்டசபை, தனிக் கொடி என்று சொன்னதெல்லாம் பத்து வருசம் தாங்கவில்லை. எதியோப்பியா முழுதாக விழுங்கிவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தங்கள் மொழியில் படிக்க முடியாமற் போனது. பிறகு முப்பது வருசச் சண்டை.

"உங்களை மாதிரித்தான்," என்றாள் லெதாய்.

"எங்களை மாதிரித்தான். ஆனால் நீங்கள் வென்றுவிட்டீர்கள்," என்றாள் யூஜினி. அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவளுக்கு வாயில் நீர் ஊறியது.

வென்றது லெதாயின் இயக்கம் அல்ல. அங்கே இரண்டு இயக்கங்கள். லெதாயும் தமையன் தெக்லேயும் முதலில் தோன்றிய இயக்கத்தில் இருந்தார்கள். அவள் பதினேழு வயதில் காயத்துக்குக் கட்டுப்போடப் போனவள். எண்பத்தொன்றில் மற்ற இயக்கம் இவர்களைச் சுட்டு எல்லைக்கு அப்பால் துரத்தியது. எதியோப்பியாவை வென்று தொண்ணூற்றொன்றில் ஆட்சிக்கு வந்ததும் அந்த இயக்கந்தான். நாடு விடுதலையான செய்தி வந்தபோது சூடானில் அகதியாய்க் கிடந்த தெக்லே மூன்று நாள் தெருவில் ஆடினான். நாலாம் நாள் ஊருக்குப் போகும் லொறியில் ஏறினான். எல்லையில் ஜீப்பில் வந்த இருவர் பெயரைக் கேட்டு அவனை இறக்கிக்கொண்டு போனதாக லொறிச் சாரதி வந்து சொன்னான். அதோடு சரி. உயிரோடு இருக்கிறானா என்பதும் தெரியாது.

அந்த அரசுக்குப் பயந்துதான் லெதாய் கனடாவில் தஞ்சம் கேட்டாள்.

தொண்ணூற்றுமூன்று சித்திரையில், சுதந்திர நாடாவதா வேண்டாமா என்று எரித்திரியர்களிடம் வாக்குக் கேட்டார்கள். வெளிநாடுகளில் இருந்தவர்களும் போடலாம். ரொறன்ரோவிலும் ஒரு மண்டபம். வாக்குப் போட எரித்திரிய அடையாள அட்டை எடுக்கவேண்டும். அட்டை எடுக்க, 'இவள் எங்கள் ஆள்' என்று மூன்று பேர் சாட்சி சொல்லவேண்டும். லெதாய் ஒரு கிழமை முழுக்க விரிப்புகளைக் கோணலாய் மடித்தாள்.

"போகவா, விடவா?"

"இதென்ன கேள்வி? போ!" என்றாள் யூஜினி. "நான் ஒருமுறை ஊரில் வாக்குப் போடப் போனேன். என் பெயரில் ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டார்கள். பட்டியலோடு இருந்தவன் என் பெயருக்கு மேல் அடிமட்டம் வைத்துக் கோடு கீறியிருந்ததைக் காட்டினான். 'போட்டாச்சு தங்கச்சி, வீட்டை போ' என்றான். உனக்கு ஒரு நாடே கிடைக்கப்போகிறது. நானும் உன்னோடு வருகிறேன்."

யூஜினியும் போனாள். கமெராவும் கொண்டுபோனாள். வெள்ளைச் சால்வை போர்த்த பெண்கள் வாசலில் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். சாட்சி சொன்ன மூன்று பேரில் ஒரு கிழவர் எதிர் இயக்கத்து ஆதரவாளர். லெதாயின் தகப்பனைத் தெரியும் என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே கையொப்பம் இட்டார். வாக்குப் போட்டுவிட்டு வந்த லெதாய் அட்டையைக் கன்னத்தோடு வைத்துப் படத்துக்கு நின்றாள். யூஜினி எடுத்த முதற் படத்தில் தலையே இல்லை. இரண்டாவதில் எல்லாம் விழுந்தது.

"நீ ஏன் அழுகிறாய்? இது என் நாடு," என்றாள் லெதாய் சிரித்துக்கொண்டு.

"எங்களுடையது வரும்போது நீ வந்து அழு."

அடுத்த வருசம் கார்த்திகையில் லெதாயின் வழக்கு விசாரணைக்கு வந்தது. நல்ல நடத்தைக்குச் சாட்சியாக யூஜினியைக் கூப்பிட்டார் லெதாயின் வழக்கறிஞர். முதல் நாள் பின்னேரம் யூஜினி நல்ல சேலை ஒன்றை அயர்ன் பண்ணிக்கொண்டிருக்க, நீக்கிலாஸ் சோபாவில் கால்நீட்டிப் படுத்திருந்தபடி புத்தி சொன்னான்.

"இஞ்சேர், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. உன்ரை வாய் ஒருக்காத் திறந்தால் பூட்ட ஆள் பிடிக்கவேணும்."

"உங்கடை வாய் திறக்கிறதே இல்லை. சோறு போட மட்டும் திறக்குது."

"திறக்காததாலைதான் உயிரோடை இருக்கிறன்," என்றான் அவன். அவள் அதைப் பகிடியாக எடுத்தாள்.

விசாரணை அறையில் மேசைக்கு அங்காலே இருந்த அதிகாரிகளில் ஒரு பெண் நல்ல மாதிரி. தமிழில் சொல்லலாம் என்று அமிர்தநாதர் என்ற மொழிபெயர்ப்பாளரையும் அழைத்திருந்தார்கள். பருத்தித்துறைப் பக்கத்து மனிதர், பழைய வாத்தியார். லெதாய் ஒழுங்காக வேலைக்கு வருகிறாளா, எப்படிப்பட்டவள் என்று அந்தப் பெண் கேட்டாள். யூஜினி சொன்னாள். அமிர்தநாதர் அதை ஆங்கிலமாக்கினார். அந்தப் பெண் எழுதிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் யூஜினியை ஏமாற்றியது. இன்னும் நல்லதாய் ஏதாவது சொல்லி இந்த வழக்கை வென்றுகொடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆவல். ஒரு மனிசியைப் பற்றி இதைவிட நல்லதாய் வேறென்ன சொல்லமுடியும்?

"இவ நாட்டிலை அவ்வளவு பற்று உள்ள பிள்ளை. போன வருசம் வோட்டு நடக்கேக்கை நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். அடையாள அட்டையும் எடுத்தவ. அட்டையோடை படங்கூட இருக்கு."

அமிர்தநாதர் வாயைத் திறந்தார். மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யூஜினியை ஒருமுறை பார்த்தார். ஒரு சொல் விடாமல் சொல்வேன் என்று சத்தியம் செய்தவர் அவர்; தன்பாட்டில் விழுங்க முடியாது. அவள் தானாக நிறுத்தினால், திருத்தினால், ஏதாவது செய்தால் உண்டு.

கிழவருக்குச் சொல் மறந்துவிட்டதாக்கும் என்று யூஜினி நினைத்தாள்.

"சொல்லுங்கோ அண்ணை," என்றாள் உற்சாகமாக. "அதையும் சொல்லுங்கோ."

சொன்னார்.

அந்தப் பெண்ணின் பேனா நின்றது. லெதாய் கொடுத்த பத்திரங்களை முன்னும் பின்னும் புரட்டினாள். அட்டை எடுத்ததைப் பற்றி அங்கே ஒரு வரியும் இல்லை. லெதாய் யூஜினியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. மேசையில் இருந்த தன் கைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து விசயத்தைச் சொன்னபோது சோபாவில் படுத்திருந்த நீக்கிலாஸ் எழும்பி இருந்தான்.

"ஏன் சொன்னனீ?"

"வோட்டுப் போட்டதிலை என்னப்பா பிழை?"

"வோட்டிலை பிழையில்லை. எண்பத்தாறிலை நான் ஏன் ஊரைவிட்டு ஓடினனான்?"

அவளுக்குத் தெரியும். நீக்கிலாஸ் இருந்தது ஒரு சின்ன இயக்கம். பெரிய இயக்கம் அதைத் தடை செய்து, கூட இருந்தவர்களைச் சுட்டது. இன்றுவரை அவன் தமிழ்க் கடைக்குள் போனால் முதலில் ஆட்களின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மரக்கறியைப் பார்ப்பான்.

"ஊரை இப்ப ஆளுறது அவங்கள்தானே. நான் அவங்களிட்டைப் போய் அட்டை எடுத்துப்போட்டு, அவங்களுக்குப் பயந்து ஓடிவந்தனான் எண்டு இஞ்சை சொன்னால் ஆர் நம்புவான்?"

"அவள் எடுத்தது அவங்களுக்காக இல்லை. நாட்டுக்காக."

"உது எனக்கு விளங்குது. உனக்கு விளங்குது. மேசைக்கு அங்காலை இருக்கிறவைக்கு விளங்காது."

அயர்ன் பண்ணிய சேலை கசங்க அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள் யூஜினி. எட்டு வருசமாய் இந்தப் பயத்தோடு ஒரே கட்டிலில் படுத்தவள் அவள். லெதாயின் பயம் அவளுக்கு விளங்காமற் போனதற்கு என்ன சாட்டுச் சொல்வாள்?

இரண்டு மாதத்தில் தீர்ப்பு வந்தது. தஞ்சம் இல்லை. பயந்தவள் அட்டை எடுக்கமாட்டாள், எடுத்ததை மறைக்கவும் மாட்டாள் என்று எழுதியிருந்தார்கள். மேல்முறையீட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை. அது முடிய ஒரு வருசத்துக்கு மேல் சென்றது. அந்த வருசம் முழுக்க இருவரும் எதிரும் புதிருமாய் நின்று விரிப்பு மடித்தார்கள். நடந்துவருவார்கள், கையோடு கை வைப்பார்கள், முனையைக் கொடுப்பார்கள், பின்வாங்குவார்கள். ஒருநாள் யூஜினியால் பொறுக்க முடியவில்லை.

"அட்டையைப் பற்றிச் சொல்லவேண்டாமென்று ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

லெதாய் முனைகளைப் பிடித்தபடி யோசித்தாள். "உன் புருசன் கதையை நீ எனக்குச் சொல்லியிருந்தாய். உனக்குத் தெரியும் என்று நினைத்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

தொண்ணூற்றாறு மாசியில் லெதாய் விமானம் ஏறினாள். அந்தப் படத்தைக் கொண்டுபோகவில்லை. "நீயே வைத்திரு, நீ எடுத்ததுதானே," என்றாள். ஆடியில் எரித்திரியத் தலைநகர் அஸ்மாராவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தான் சுகம், மழை நல்லாய்ப் பெய்கிறது, எல்லோரும் நன்றாய் நடத்துகிறார்கள். தெக்லேயைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீக்கிலாஸ் அதை இரண்டுதரம் வாசித்தான்.

"தமையனைப் பற்றி எழுதேல்லை எண்டால், வேறை ஆரோ வாசிக்கிறாங்கள் எண்டு அர்த்தம்," என்றான். யூஜினி ஆறு கடிதம் போட்டாள். பதில் வரவில்லை. ஏழாவதை எழுதி வைத்துவிட்டுப் போடாமல் விட்டாள். தன் கடிதமும் அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடுமோ என்று பயம்.

அந்த வருசமே யூஜினிக்குக் கனடியக் குடியுரிமை கிடைத்தது. தொண்ணூற்றேழு ஆனியில் தேர்தல். வீட்டுக்குக் கிட்ட இருந்த பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் வாக்குச்சாவடி. பட்டியலில் இருந்த அவளுடைய பெயரை ஒரு வெள்ளைக்கார மூதாட்டி அடிமட்டம் வைத்துத் தேடினாள். கோடு இன்னும் கீறப்படவில்லை. "முதல் தடவையா?" என்று கேட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பு. யூஜினி தலையை மட்டும் ஆட்டினாள்.

மேசையில் நிறுத்தியிருந்த கடதாசி அட்டை மறைப்புக்குப் பின்னால் கனநேரம் நின்றாள். பிறகு புள்ளடி போட்டு, ஓரம் ஓரத்தோடு பொருந்த வாக்குச்சீட்டை மடித்தாள். இந்த மடிப்புக்கு எதிரே ஆள் தேவைப்படவில்லை.

வெளியே நீக்கிலாஸ் காருக்குள் இருந்தான்.

"போட்டிட்டியோ?"

"ஓம்."

"ஆருக்கு?"

பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் பார்த்தாள்.

"அது சொல்லமாட்டன்," என்றாள். "உங்களுக்கும் சொல்லமாட்டன்."