பங்குப் பாதை

போன வாரம் வில்பட்டி சமுதாயக் கூடத்தில் எனக்கு ஒரு பெரிய சந்தோஷம் கிடைத்தது. அது அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை.

கூட்டத்துக்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம் என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் கூடம் நிரம்பி, வாசல் நிரம்பி, எதிரே டீக்கடை பெஞ்சும் நிரம்பியிருந்தது. ஒரு பாதைக்கா இவ்வளவு கூட்டம்? எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவர். உள்ளே பட்டா நகல்...

விஷயம் இதுதான். வில்பட்டியிலிருந்து கொடைக்கானல் டவுனுக்கு, தார்ச்சாலையை விட்டு விலகி, தோட்டங்களின் ஓரமாக ஒரு பாதை போட முடியுமா என்று பார்ப்பது எங்கள் திட்டக் குழுவின் வேலை. நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் சேர்ந்து பயன்படுத்துகிற ஒரே பாதை. டவுன் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிறது. லாட்ஜுகள் கூடுகின்றன. அங்கே வேலை பார்க்கிற பாதிப் பேர் வில்பட்டிப் பக்கத்திலிருந்துதான் போகிறார்கள். சாலையோ டூரிஸ்ட் வேன்களுக்கே போதவில்லை. அதுவும் மலையில் இந்த மாதிரிப் பாதை பிரமாதமாகப் பொருந்தும். இங்கே சைக்கிள்காரர் இறக்கத்தில்தான் சைக்கிள்காரர் — ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு அவரும் நடப்பவர்தானே?

எதற்கும் பட்டியல் போடுகிறவள் நான். என்னென்ன எதிர்ப்பு வரும் என்றும் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். காட்டுமாடு. மழைக்கால வழுக்கல். நாய். பைக்கோடு உள்ளே புகுந்துவிடும் டூரிஸ்ட் பையன்கள். எல்லாவற்றுக்கும் பதில் தயார்.

பெயருக்குத்தான் தயாராக இல்லை.

ஃப்ளெக்ஸில் போடச் சின்னதாக ஒரு பெயர் வேண்டியிருந்தது. எல்லோருக்கும் பங்கு உண்டு என்ற அர்த்தத்தில் 'பங்குப் பாதை' என்று போட்டிருந்தேன். அழகாகத்தானே இருக்கிறது?

வில்பட்டியில் பங்கு என்றால், அண்ணன் தம்பி நிலத்தைப் பிரித்துக்கொள்வது. யாரோ வந்து தோட்டத்தில் பங்கு கேட்கப் போகிறார்கள் என்று ஊரே பட்டாவோடு திரண்டுவிட்டது. இது போதாதென்று, டவுனிலிருந்து வந்த ஓர் ஆட்டோக்காரர் என்னிடம் மெதுவாக, எந்தப் பங்கு, ஃபாதர் எப்போது வருவார் என்று விசாரித்தார். அவருக்குப் பங்கு என்றால் சர்ச்.

முன் வரிசையில் முத்துலட்சுமி அக்கா இருந்தார். டவுனில் ஒரு லாட்ஜில் ரூம் சுத்தம் செய்கிறவர். சாலை வளைவு ஒன்றில் வேன் கண்ணாடி தோளில் இடித்து, ஓரப் பள்ளத்தில் விழுந்து, வேலைக்குப் போக முடியாமல் கிடந்தவர். தோள் ஆறியதும் என்ன செய்தார் தெரியுமா? பள்ளி மைதானத்தில் சைக்கிள் கற்றுக்கொண்டார். பழைய சைக்கிள் ஒன்றும் வாங்கிவிட்டார். ஆனால் அந்த வளைவை நினைத்தால் சைக்கிளைத் தெருமுனை தாண்டி எடுத்துப் போகத் துணிவு வரவில்லை.

எங்கள் பாதை அந்த வளைவைத் தவிர்த்துவிடும் — ஒரே ஓர் இடத்தில் வழி கிடைத்தால். அந்த இடம், பெருமாள், தங்கவேல் என்கிற அண்ணன் தம்பியின் பூண்டுத் தோட்டங்களுக்கு நடுவே. கிடைக்காவிட்டால் பாதை நேராக அதே வளைவில் போய் ஏறும். அதற்குப் பாதையே போடாமல் இருக்கலாம்.

அண்ணனும் தம்பியும் நிலம் பிரித்ததிலிருந்து பேசிக்கொள்வதில்லை. ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து இருவரும் என்னிடமே பேசினார்கள்.

"எங்களுக்குள்ள பங்கு வச்சு முடிஞ்சு போச்சு, தாயி. மூணாவது பங்கு யாருக்கு?" என்றார் பெருமாள்.

தங்கவேல், அண்ணன் சம்மதித்தால் தாம் சம்மதிக்கப் போவதில்லை என்றார். அண்ணன் சம்மதிக்காவிட்டாலும் சம்மதிக்கப் போவதில்லையாம். "அவர்ட்ட சொல்லிருங்க."

அண்ணன் இருந்ததோ கூப்பிடு தூரத்தில்கூட இல்லை — கை நீட்டினால் எட்டும் தூரத்தில்.

நிலம் அவரவருடையதாகவே இருக்கும், ஆட்கள் கடந்து போவார்கள், அவ்வளவுதான் என்று விளக்கினேன். புரொஜெக்டரில் படம் காட்டினேன். படத்தின் தலைப்பிலும் 'பங்கு' இருந்தது. யார் நம்புவார்கள்?

அப்போதுதான் முத்துலட்சுமி அக்கா எழுந்தார். "ஏண்ணே, நீங்க ரெண்டு பேரும் பங்கு வைக்கையில நடுவுல பொதுத் தடம்னு ஒண்ணு விட்டீகள்ல... அது இப்ப எங்க கெடக்கு?"

எல்லாத் தலைகளும் அண்ணன் தம்பி பக்கம் திரும்பின.

இந்தப் பக்கம் நிலம் பிரிக்கும்போது, இரு தரப்பும் தண்ணீருக்கும் வண்டிக்கும் போய்வர ஒரு துண்டைப் பிரிக்காமல் விடுவார்கள். அதுதான் பொதுத் தடம். ஆனால் அளவெடுக்கப் போனபோது நான் அங்கே பார்த்தது பூண்டை மட்டும்தான்.

"ஆளுக்குக் கொஞ்சமா நட்டுத் தின்னுட்டீக. நான் ரோட்டுல அடிபட்டுக் கெடந்தேன்" என்றார் அக்கா, சத்தத்தைக் கூட்டாமலே.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். தான் நட்டது ஒரே வரிசை என்று என்னிடம் சொல்லத் தொடங்கிய பெருமாள், பாதியில் என்னை விட்டுவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினார். "ஏலே, மொதல்ல நட்டது யாரு?"

"நீதாண்ணே."

பங்கு வைத்த பிறகு அந்த 'அண்ணே' வெளியே வந்தது அன்றுதான் என்று பக்கத்திலிருந்த ஓர் அம்மா என் காதில் சொன்னார்.

நான் மார்க்கரை எடுத்தேன். ஃப்ளெக்ஸில் 'பங்குப் பாதை'யை அடித்துவிட்டு 'பொதுத் தடம்' என்று எழுதினேன். பட்டாக்கள் கவருக்குள் திரும்பின. வரைபடத்தில் ஒரு கோடாவது மாறியதா? இல்லை. நம் ஆட்களுக்கு எதையும் சேர்ந்து பயன்படுத்தத் தெரியாது என்று எங்கள் ஆபீஸ் மீட்டிங்குகளில் சலித்துக்கொள்வார்கள். நன்றாகவே தெரியும். பங்கு கேட்கிற மாதிரி போய் நிற்காமல் இருந்தால் போதும்.

அறுவடை முடிந்ததும் தடத்தை விட்டுத் தருவதாக இருவரும் ஒப்புக்கொண்டார்கள். பாதை அந்த வளைவைத் தொடாமலே டவுன் போய்ச் சேரும். திரும்பி வரும்போது பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் குச்சி நட்டுக் கயிறு கட்டப் போனால், தோட்டத்தில் அண்ணனும் தம்பியும் சத்தமாகச் சண்டை. போச்சு என்று நினைத்தேன். விசாரித்தால்... நடப்பவர்கள் யார் பக்கம், சைக்கிள் யார் பக்கம் என்பதுதான் தகராறு. சைக்கிளில் போகிறவர் நிற்க மாட்டார். நடந்து போகிறவர் நின்று பூண்டு விலை கேட்பார். ஆக, இருவருக்கும் நடப்பவர்களே வேண்டும்.

வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த முத்துலட்சுமி அக்கா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"நடக்குறவக யார் பக்கம் வேணாலும் போகட்டும்ணே. நான் நடுவுல ஓட்டிட்டுப் போறேன். வெரசா தடத்தை விடுங்க."

விதிப்படி சைக்கிள் இடது ஓரமாகத்தான் போக வேண்டும். ஆனால் அதை அக்காவிடம் யார் போய்ச் சொல்வது?