கேட்டவரே வேண்டாம் என்ற தகவல்

பொதுத் தகவல் அலுவலர் என்ற முத்திரை என் மேசையில் இருக்கிறது. யாரும் ஆசைப்பட்டு வாங்கிக்கொள்ளும் பொறுப்பு இல்லை. டெல்டாவில் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் துணை அதிகாரியாக இருந்தபோது, எனக்கு முன்னால் அதைப் பார்த்தவர் ஓய்வுபெற்றுப் போக, மற்ற வேலைகளோடு அதுவும் என் தலையில் விழுந்தது. மக்கள் கேட்கும் தகவலைக் கொடுத்தால் மேலே உள்ளவர்களுக்குக் கோபம் வரும். கொடுக்காவிட்டால் தகவல் ஆணையத்தின் முன்னால் போய் நான்தான் நிற்க வேண்டும்.

ஒரு கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த காலையில், கடைமடை ஊர் விவசாயி ஒருவர் மனுவோடு நேரில் வந்தார். சட்டைப் பையில் கண்ணாடி, தோளில் ஈரத்துண்டு. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவர் ஊர் வாய்க்காலைத் தூர்வாரியதாகக் கோடையில் கணக்கு முடித்திருந்தார்கள். அந்த வேலையை அளந்து எழுதிய புத்தகத்தின் நகலும், எடுத்த படங்களும் அவருக்கு வேண்டும்.

“தூர்வாரியாச்சுன்னு போர்டு வச்சிருக்காங்க மேடம். அந்த போர்டுக்கு அடியிலயே ஆகாயத்தாமரை மண்டிக் கெடக்கு. நான் ஒண்ணும் கண்டுபிடிக்கப் போறதில்ல. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆபீஸ் காகிதத்துல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவ பாத்துடணும், அவ்வளவுதான்.”

எங்கள் அதிகாரி மனுவைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “கோப்பு தேடப்பட்டு வருகிறதுன்னு எழுதி அனுப்புங்க.”

“கோப்பு பக்கத்து ரூம் பீரோவுல இருக்கு சார்.”

“இருக்குன்னு உங்ககிட்ட யாரு கேட்டா?”

இது மேல்முறையீட்டுக்குப் போகும், பிறகு ஆணையத்துக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அதே பொய்யை ஒவ்வொரு இடமாகத் தூக்கிக்கொண்டு போக எனக்குத் தெம்பு இல்லை. தைரியம் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். உண்மையில் அலுப்புதான். மார்கழியில் நகல் எடுத்து, கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அதிகாரி அதன்பிறகு என்னோடு தேவைக்கு மட்டும் பேசினார்.

பொங்கல் கழிந்து அந்த விவசாயி மறுபடி வந்தார். பிரித்த உறையை என் மேசைமேல் வைத்தார். இந்த முறை சொல்லாமலே உட்கார்ந்தார்.

“இத நீங்களே வச்சுக்குங்க மேடம். எனக்கு வேண்டாம்.”

“கொடுத்ததத் திரும்ப வாங்கச் சட்டத்துல எடமில்லீங்க.”

“சட்டம் வந்து எனக்கு அறுத்துக் குடுக்குமா?”

வாய்க்கால் வேலை எடுத்த ஒப்பந்தக்காரரிடம்தான் அந்தப் பக்கத்து அறுவடை மிஷின்கள் எல்லாம் இருந்தன. சுற்றிலும் எல்லா வயலிலும் மிஷின் இறங்கிவிட்டது. இவர் வயலுக்கு மட்டும் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார்கள். கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. ஒரு மழை போதும், நெல் சேற்றில் படுத்து முளைத்துவிடும். மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டதாக ஒரு வரி எழுதிக் கொடுத்தால் மிஷின் வரும் என்று ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்கள்.

அந்த வரியை என் மேசையிலேயே எழுதினார். நான் தடுக்கவில்லை. அவர் போன பிறகு உறையைப் பார்த்தபடி இருந்தேன். இதற்காகவா அதிகாரியைப் பகைத்துக்கொண்டேன் என்று தோன்றியது. அந்த விவசாயிமேல் கோபப்படவும் முடியவில்லை.

பங்குனியில் ஒரு பெண் வந்தார். அந்த விவசாயியின் மனைவி. கையில் தன் பெயரில் எழுதிய புது மனு. கேட்டிருந்தது அதே தகவல்.

“அவரு வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாரு. நான் கேக்கலாம்ல?”

“யாரு வேணாலும் கேக்கலாம்மா. ஆனா மறுபடி ஏதாவது பண்ணுவாங்க.”

“நெல்லு மூட்டையாகிப் போயிட்டுது. அதுக்குத்தான் பொறுத்திருந்தேன்.” பிறகு சாதாரணமாகச் சொன்னார்: “அவருகிட்ட சொல்லல. சொன்னா சோறு தண்ணி எறங்காது அவருக்கு.”

அந்தப் பெண்ணுக்கும் நகல் கொடுத்தேன்.

மே தினக் கிராமசபைக்கு அந்த ஊருக்கு என்னைத்தான் பற்றாளராக, அதாவது அரசுத் தரப்பில் உட்கார்ந்து பார்க்கும் ஆளாக, அனுப்பினார்கள். பள்ளிக்கூடக் கட்டடத்தில் கூட்டம். தீர்மானங்களை வாசித்து முடித்ததும் அந்தப் பெண் எழுந்து காகிதத்தைப் பிரித்தார். வாய்க்காலின் நீளம், வெட்டிய ஆழம் என்று வாசிக்கத் தொடங்கியபோது மைக் நின்றுவிட்டது. கரண்டு போய்விட்டதென்று ஊராட்சிச் செயலர் சொன்னார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண்ணுக்குச் சின்னக் குரல். கொஞ்சம் நின்றார், மறுபடி வாசித்தார். கூட்டத்தில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. அவர் கணவர் வாசலில் நின்றபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துப் பின்னாலிருந்து ஒருவர், “சத்தமாப் படிங்க, இங்க கேக்கல,” என்றார். ஆதரவா, கேலியா என்று எனக்கு விளங்கவில்லை. அவர் சத்தமாகப் படித்தார்.

முன்வரிசையில் இருந்த ஒப்பந்தக்காரரின் தம்பி என்னைப் பார்த்துத் திரும்பினார். “மேடம், யாரோ டைப் அடிச்சுக் குடுத்தத வச்சு இந்தம்மா படிக்கிறாங்க. இது உங்க ஆபீஸ் காகிதமா?”

எல்லோரும் அப்போதுதான் நிமிர்ந்தார்கள். தெரியாது, அலுவலகத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு நிம்மதியாகப் போயிருக்கலாம்.

“எங்க ஆபீஸ் காகிதம்தான். நான்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்,” என்றேன்.

தம்பி முன்பக்கம் திரும்பிக்கொண்டார். டீ வந்தது, குடித்தோம்.

மேட்டூர் திறப்பதற்கு முன்னால் அந்த வாய்க்காலில் பொக்லைன் இறங்கியது. பாலம் வரைக்கும் நன்றாக வெட்டினார்கள், அதற்குக் கீழே பேருக்குச் சுரண்டினார்கள். யார்மேலும் நடவடிக்கை இல்லை. நிர்வாகக் காரணம் என்று போட்டு எனக்கு வேதாரண்யத்துக்கு மாற்றல் வந்தது.

அடுத்த சம்பா முடிந்து அந்தப் பெண் போன் செய்தார். இந்த முறை மிஷினைக் கேட்கவே இல்லையாம், ஆள் வைத்து அறுத்தார்களாம். கூலி கையைக் கடித்தது என்றார். தண்ணீர் வந்ததா என்று கேட்டேன்.

“வந்துச்சு மேடம். லேட்டா வந்துச்சு.”

அவர் கணவர் எப்படியிருக்கிறார் என்று கேட்டேன். ஒரு மாதம் தன்னோடு பேசவில்லை என்றும், இப்போது பேசுகிறார் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது சிரித்தார்.

வேதாரண்யத்துக்கு வந்தும் அந்த முத்திரை என்னை விடவில்லை. தினமும் பஸ்ஸில் போய் வருவதில் முதுகுவலி நிரந்தரமாகிவிட்டது. நேற்று ஒரு மீனவர் புயல் நிவாரணப் பட்டியலைக் கேட்டு மனு வைத்துவிட்டுப் போனார். இங்குள்ள அதிகாரி அதைப் படித்துவிட்டு, பேசாமல் என் பக்கம் தள்ளினார்.