ஐந்தரை மணி நேரத்துக்கான பால் பவுடர்

அன்று கணவரிடம் இன்னொரு தடவை ஏன் கேட்காமல் விட்டேன்? இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

அவர் லண்டனில் வேலை பார்க்கிறார். ஒன்பது மாத மகளுடன் நான் முதன்முறையாக அங்கே கிளம்பினேன். டிக்கெட்டில் சென்னையில் காலை ஐந்தரைக்குப் புறப்பாடு, லண்டனில் பதினொன்றுக்கு வருகை என்றிருந்தது. கழித்தேன், ஐந்தரை மணி நேரம். நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவள்.

போனில் அவர், "பதினோரு மணி நேரம் ஆவும், பாப்பாவுக்குப் பாத்து எடுத்துக்கோ" என்றார்.

எங்கள் உத்திரமேரூரில் காஞ்சிபுரம் எவ்வளவு நேரம் என்று கேட்டால், வீட்டை விட்டு இறங்கியதிலிருந்து, பஸ்ஸுக்கு நின்றதையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். அவரும் இந்த ஊர்க்காரர். விமான நிலையத்துக்குக் காரில் இரண்டரை, அங்கே காத்திருக்க மூன்று, பறக்க ஐந்தரை. கூட்டினால் பதினொன்று. கணக்கு அவ்வளவு சரியாக வந்ததால் சமாதானமாகிவிட்டேன். விமானத்துக்குள் இரண்டு வேளைக்கான பால் பவுடரைக் குழந்தையின் பையில் வைத்தேன். மீதி டப்பா பெரிய பெட்டியில்.

கிளம்பும் நேரம் சரியில்லை என்று, முந்தின நாள் காலை நல்ல நேரத்தில் குழந்தையின் பையை மாமியார் எதிர்வீட்டில் பரஸ்தானமாக வைத்துவிட்டு வந்தார். பை கிளம்பிவிட்டால் நாங்களும் கிளம்பிய மாதிரி.

மத்தியானம் எனக்குச் சந்தேகம் வந்தது. "அத்தை, இன்னும் ஒரு வேளைக்குப் பவுடர் வச்சிரட்டுமா?"

"போன பைய திரும்பத் தொறப்பாங்களா? ரெண்டு வேளைக்கு வெச்சேன்னு நீதானே சொன்ன? சும்மா பேஜார் பண்ணாத."

என் கைப்பையில் போட்டுக்கொண்டிருக்கலாம். தோன்றவில்லை.

விமானத்தில் இரண்டாவது புட்டியும் தீர்ந்தது. என் கைக்கடிகாரத்தில் பதினொன்று. பக்கத்து இருக்கைப் பெண்ணிடம், "இறங்கப் போறமாங்க?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். "லண்டன் இன்னா வாலாஜாபாத்தா? இன்னும் அஞ்சரை மணி நேரம் கீதும்மா. அங்க மணி வேற."

கொஞ்ச நேரத்தில் மகள் அழ ஆரம்பித்தாள். பணிப்பெண் கொண்டுவந்த பாலை வாயில் வைத்ததும் துப்பினாள். பக்கத்துப் பெண் டப்பாவைத் திறந்து, "பொடி தடவாத இட்லி ஒண்ணு கீது, குடு" என்றாள். முன்பின் தெரியாதவரின் இட்லி. கொடுக்கலாமா? அழுகையைக் கேட்க முடியாமல் வெந்நீரில் குழைத்துக் கொடுத்தேன். பாதியைத் தின்றுவிட்டுத் தூங்கிப்போனாள். இறங்கும்போது வாந்தி எடுத்தாள். இட்லியாலா, பசியாலா, விமானம் இறங்கியதாலா என்று இன்றுவரை தெரியவில்லை. முதன்முதலாகத் தூக்க வந்த அப்பாவிடம் ஈரச் சட்டையோடுதான் கொடுத்தேன்.

இப்போது ஊருக்கு வந்திருக்கிறோம். அடுத்த மாதம் திரும்ப வேண்டும். புது டிக்கெட்டில் புறப்பாடு அதே ஐந்தரை, வருகை பன்னிரண்டு. "அங்க கோடைக்கால மணிக்கு மாத்திட்டாங்க. பறக்கறது அதே பதினொண்ணுதான்" என்கிறார் அவர். ஒரு மணி எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று தாளில் எழுதிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு விடை.

கைக்குழந்தையோடு இவ்வளவு தூரம் போனவர்கள் சொல்லுங்கள். எத்தனை வேளைக்கு எடுத்துப் போவீர்கள்? தாமதமானால் என்று கூடுதலாக எவ்வளவு? ஒன்றரை வயதுக்கு விமானத்தில் கெடாமல் இருக்கும் சாப்பாடு எது?