குரைக்கிற இருமல்

விடியற்காலையில் என் மகள் இருமியது நாய் குரைப்பதுபோல் இருந்தது. முப்பது வருடங்களுக்கு முன் இதே ஆம்பூரில் என் தம்பி இருமிய அதே சத்தம்.

டேனரி நாற்றம்தான் காரணம் என்று அப்பா அன்று ஜன்னல்களைச் சாத்தினார். அங்கே தோல் பதனிட்டு வந்த அவர் சட்டையிலேயே அந்த நாற்றம் இருந்தது. தம்பி அழ அழ, மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தது. அம்மா அவனை மார்போடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அப்பாவின் சைக்கிளில் பின்னால் ஏறினாள். பாலாற்றுப் பாலத்தில் குளிர்காற்று பட்டதும் அவன் அடங்கினான்.

"சரியாய்டுச்சு. திரும்பிடலாம்," என்றார் அப்பா.

"அழுகைதான் நின்னுச்சு. மூச்சு இன்னும் சத்தமா இழுக்குது. நீங்க மிதிங்க."

தொண்டைக்குள் வீக்கம் என்றார் டாக்டர். ஒரே ஒரு வேளை மருந்துதான் கொடுத்தார். சாயங்காலம் தம்பி சோறு கேட்டான்.

இன்று நான் ஜன்னலைத் திறந்தேன். நாற்றம் வந்தது, வரட்டும். மகளை அழவிடாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கணவரின் பைக்கில் பின்னால் ஏறினேன்.

பாலத்தில் அவள் அடங்கினாள். "இப்ப பரவால்லியே," என்று கணவர் வண்டியை நிறுத்தினார்.

இன்ஜின் ஓய்ந்ததும் அவள் மூச்சிழுக்கும் சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது.

"வண்டிய எடுங்க," என்றேன்.