பாஸாக வேண்டிய ரத்தம்

மாயாண்டியின் ரிப்போர்ட்டை டாக்டர் இரண்டு முறை படித்துவிட்டு, அன்றைய மருந்தை நிறுத்தச் சொன்னார். நுரையீரல் புற்றுநோய்க்கு அவருக்கு ஏற்றவிருந்த, உடலின் எதிர்ப்புசக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்தின் முதல் தவணை அது. மதுரையில் அந்த மருத்துவமனை லேபில் நான் சீனியர் டெக்னீஷியன். ரத்தம் எடுத்தது நான்தான் என்பதால் என்னையும் அழைத்தார்கள்.

அந்த மருந்து எல்லோருக்கும் கேட்பதில்லை. யாருக்குக் கேட்கும் என்று ஓரளவு முன்கூட்டி அறிய ரத்தத்தில் சில அடையாளங்களைப் பார்ப்போம். வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபிலுக்கும் லிம்போசைட்டுக்கும் உள்ள விகிதம் அதில் ஒன்று. குறைவாக இருந்தால் நல்லது. இவருக்கு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

உடம்பில் எங்காவது சீழ் பிடித்தாலும் இது ஏறும் என்பதால் டாக்டர் காய்ச்சல், சளி, நீர்க்கடுப்பு என்று வரிசையாகக் கேட்டார். பழங்காநத்தத்தில் லாரிப் பட்டறை வைத்திருந்த மாயாண்டி எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். ஆனால் அவர் பார்வை பக்கத்தில் நின்ற மனைவியின் தம்பி செல்வத்தின் மேல் இருந்தது. செல்வம் கோச்சடையில் ஜிம் நடத்துபவர். வலது கன்னம் சற்று வீங்கியிருந்தது.

"இந்த ரத்தத்த வச்சு இப்ப ஆரம்பிக்க முடியாது. தள்ளிப் போடுவோம்" என்றார் டாக்டர்.

மாயாண்டி எழுந்துவிட்டார். "சார், அது என் ரத்தமே இல்ல. மாப்ள ரத்தம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் செல்வத்தைப் பார்த்தேன். செல்வம் காலண்டரைப் பார்த்தார்.

ரத்தம் நன்றாக இருந்தால்தான் மருந்து என்று நோயாளிகள் காத்திருக்கும் ஹாலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாற்பது வருடம் பீடி குடித்த தன் ரத்தம் ஃபெயிலாகிவிடும் என்று பயந்த மாயாண்டி, குடும்பத்திலேயே திடமான ஆளை டோக்கனோடு உள்ளே அனுப்பிவிட்டார். அந்தத் திடமான ஆளுக்கோ கடைவாய்ப்பல்லில் நாலு நாளாகச் சீழ். கிராம்பை அடக்கிக்கொண்டு சமாளித்திருக்கிறார்.

"பல்லு வலின்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா மாப்ள?"

"வீட்லயே நல்ல ரத்தம் ஒனக்குத்தான்னு கூப்பிட்டீக. அந்நேரம் போயி எப்படி மச்சான் சொல்றது?"

மறுபடி ரத்தம் எடுத்தேன். மாயாண்டியின் சொந்த ரத்தம் மச்சினனுடையதைவிட எவ்வளவோ தேவலை. இது ஒரு குறிப்புதான், மருந்து கேட்கிறதா என்பதை ஸ்கேன்தான் சொல்லும் என்று விளக்கிவிட்டு, டாக்டர் மதியமே மருந்தை ஆரம்பித்தார். செல்வத்தைப் பல் பிரிவுக்கு அனுப்பினோம். அவர் போட்ட சத்தம் லேப் வரை கேட்டது.

தப்பில் என் பங்கும் உண்டு. முதலில் ரத்தம் எடுக்கும்போது "மாயாண்டிதானே?" என்று நானே பெயரை எடுத்துக் கொடுத்தேன். "ஆமா" என்றார் செல்வம். படிவத்தில் அறுபத்திரண்டு வயது, எதிரே முறுக்கேறிய புஜம். இரண்டையும் பார்த்தும் உறைக்கவில்லை; டாக்டர் அறையில் இருவரையும் சேர்த்துப் பார்த்தபோதும் உறைக்கவில்லை. புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. பெயரையும் பிறந்த தேதியையும் நோயாளியே சொல்லட்டும். ஊசி குத்துமுன், இதில் பாஸ் ஃபெயில் கிடையாது என்று நாம் சொல்லிவிட வேண்டும்.

மூன்று வாரம் கழித்து மாயாண்டி இரண்டாவது தவணைக்கு வந்தார். பெயர் கேட்டேன். பெயர், பிறந்த தேதி, பீடிக் கணக்கு எல்லாம் ஒப்பித்துவிட்டுக் கையை நீட்டினார்.

"மாப்ளய மட்டும் வெளிய உக்காரச் சொல்லுங்க மேடம். பக்கத்துல இருந்தா என் ரத்தமும் கெட்டுரும்."