திரைச்சீலை மாமாவின் ரெசிஸ்டர் சுருள்

மாமாவின் தொழில் திரைச்சீலை தைப்பது. பொழுதுபோக்கு, செத்துப்போன ரேடியோக்களின் வயிற்றைத் திறப்பது. திரை மாட்டப் போகிற வீட்டிலெல்லாம் "பழுதான சாமான் ஏதாவது இருக்கா?" என்று கேட்டு வாங்கிவந்துவிடுவார். கடையில் வேலை ஓய்ந்த நேரத்தில் பின்னறையில் உட்கார்ந்து, கழற்றிய துண்டுகளைக் கொண்டு புதிதாக ஏதாவது செய்வார். அதற்காகவே தினமும் ஒரு பெரிய பையைச் சுமந்துகொண்டு பஸ் ஏறுவார்.

போன வருடம் அவர் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் மறைந்துவிடும். தையலுக்கு விரலே போதுமாக இருந்தது. மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டருக்குப் போதவில்லை. அரிசியைவிடச் சற்றே பெரிய அந்தத் துண்டின் மேல் உள்ள வண்ண வளையங்களைப் பார்த்துத்தான் மதிப்பைச் சொல்ல முடியும். தொட்டால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து போன் செய்யும்போதெல்லாம், விழுந்தாரா, எங்காவது இடித்துக்கொண்டாரா என்றுதான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். விடுமுறையில் வந்தபோது விளக்கு வைத்த பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிவந்தேன். மாமா அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"ரொம்ப நல்லாருக்குப்பா. தெரியாத இடம் இன்னும் பெருசாத் தெரியுது."

அவர் வேறொரு வழி வைத்திருந்தார். கனத்த திரைத்துணியில் ஒரு நீளமான சுருள் தைத்திருந்தார். அதில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் பைகள், ஒவ்வொரு பையின் விளிம்பிலும் நூல் முடிச்சுகள். எத்தனை சைபரோ அத்தனை முடிச்சு: நூற்றுக்கு இரண்டு, ஆயிரத்துக்கு மூன்று. நடுவில் வருகிற மதிப்புகளுக்குப் பொத்தான், ஊக்கு, பாசிமணி என்று தனித்தனி அடையாளம்.

"இதுல கை பழகிடுச்சுன்னா பொழச்சேன். இல்லேன்னா எல்லாத்தையும் முனைக்கடை ரிப்பேர்காரருக்குக் கொடுத்துட்டு, சும்மா உக்காந்துடறேன்" என்றார்.

அத்தை கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மாமா சும்மா உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை.

ஒரு வாரம் அத்தை நிறம் சொல்ல, மாமா மதிப்புச் சொல்ல, நான் பைகளில் போட்டேன். எதையும் கழிக்க மாமாவுக்கு மனம் வரவில்லை. சுருள் உப்பிக்கொண்டே போனது.

"இதக் கையில தூக்கிட்டுப் போகப் போறீங்களா, இல்ல விரிச்சுப் படுக்கப் போறீங்களா?" என்றார் அத்தை.

"பொறுமையா இரு. மாட்டிப் பாத்தாத்தான் அழகு தெரியும்."

சுவர் ஆணியில் மாட்டுவதற்காக அவர் சுருளைத் தூக்கினார். மழை பெய்வதுபோல ஒரு சத்தம். அத்தனையும் தரையில்.

திரை தைக்கும்போது மாமா கீழ்மடிப்பைத் தன் பக்கம் வைத்துக்கொண்டுதான் தொடங்குவார். கை அந்தப் பழக்கத்திலேயே போயிருந்தது. பைகளின் வாயெல்லாம் கீழ்மடிப்பைப் பார்த்தபடி, மாட்டும் வளையங்கள் மேலே. மேசைமேல் விரித்துக் கிடந்தவரை எங்கள் மூவருக்கும் அது உறைக்கவே இல்லை.

மாமா தரையில் உட்கார்ந்து உள்ளங்கையால் தடவினார். "ரிப்பேர்காரரக் கூப்பிட்டுடு" என்றார் மெதுவாக.

அத்தை கேட்காதவர்போல அவர் எதிரில் சம்மணமிட்டார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். திரைக்கடைக்காரர் மனைவி அல்லவா, நிறத்துக்கெல்லாம் அவரிடம் கடைப் பெயர்தான். "மரக்கலர், கருப்பு, செவப்பு."

மாமா தரையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"உங்களத்தான். மரக்கலர், கருப்பு, செவப்பு. எனக்கு முட்டி வலிக்குது."

"...ஆயிரம்."

"மஞ்சள், ஊதா, செவப்பு."

"நாலாயிரத்து எழுநூறு." கொஞ்சம் நிறுத்தினார். "அது வேணாம்."

அத்தையின் கை அந்தரத்தில் நின்றது. வேண்டாம் என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்ததே கிடையாது.

"வேணாமா?"

"ரெண்டு ஆயிரத்த வரிசையா கோத்தா ரெண்டாயிரம். அதையே அக்கம்பக்கமா வச்சா ஐந்நூறு. நாலாயிரத்து எழுநூறு கேக்கற எடத்துல அஞ்சு ஆயிரத்தக் கோத்தா கோவிச்சுக்கவா போகுது? நூறு, ஆயிரம், பத்தாயிரம், லட்சம். இது நாலு மட்டும் எடு, போதும்."

சாயங்காலத்துக்குள் குப்பைமுறத்தில் ஒரு குன்று சேர்ந்திருந்தது. சுருளில் நான்கே பைகளில்தான் ரெசிஸ்டர். அந்த நான்கிலிருந்து வேண்டிய மதிப்பையெல்லாம் கிட்டத்தட்டக் கட்டிக்கொள்ளலாம் என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பாக இருந்தது. மற்ற சாமான்களுக்கு இன்னும் சில பைகள். மாமா பைகளின் வாய்களை மேல்நோக்கித் திருப்பித் தைத்தார். இப்போது சுருட்டினால் அது ஒரு செருப்புப்பெட்டி அளவுகூட இல்லை, தோள்பையில் அடங்கியது.

மறுநாள் காலை சன்னலோரம் உட்கார்ந்தார். முகத்தை நேரே வைத்துக்கொண்டு விரல்களை மட்டும் சுருளில் ஓடவிட்டார். மூன்று முடிச்சு. நான்கு முடிச்சு. ஈயம் உருக்கி ஒட்டும் சூட்டுக்கோல் இல்லாமல், திருகாணி வைத்த பட்டையில் ஒவ்வொன்றாக முடுக்கினார். டிரான்சிஸ்டரின் தட்டையான முகத்தைக் கட்டைவிரலால் பார்த்து மாட்டினார். தோட்டவிளக்கு ஒன்றிலிருந்து எடுத்த சில்லைக் கடைசியாகச் சேர்த்தார். வெளிச்சம் கூடக் கூட அது மின்சாரத்தை அதிகமாக விடும். பேட்டரியைப் பொருத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை. அத்தை முந்தானையைக் கசக்கினார்.

மாமா ஒரு திருகாணியைத் தொட்டு, இன்னும் கொஞ்சம் முடுக்கினார். சின்ன ஸ்பீக்கர் கீச்சென்றது.

அவர் அதைச் சன்னல் பக்கம் காட்டினார். குரல் ஏறியது. அலமாரிப் பக்கம் திருப்பினார், இறங்கி முனகியது. அறை முழுவதும் மெல்லத் திருப்பிக்கொண்டே போனார். இருட்டும் வெளிச்சமும் ஏறி இறங்கி ஒலித்ததை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அறையை நான் அதுவரை பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

திடீரென்று குரல் சரிந்தது.

"யாரு சன்னல மறைக்கறது?"

"நான்தான்" என்றார் அத்தை.

"அப்படியே நில்லு" என்றார் மாமா. "நீ எவ்வளவு சத்தமா பேசுவேன்னு தெரியும். இவ்வளவு தாழ்வான குரல்ல இப்பத்தான் கேக்கறேன்."