ஆறு இடக்கைப் பக்கம்

என் வீட்டுக்காரர் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். காய்ச்சலில் அவர் போன மறுமாதமே கொழுந்தன் எனக்கு மட்டும் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டான். எங்கள் அறைமேல் அவனுக்கு ஒரு கண்.

“அண்ணி, உங்களுக்குத் தெருமுனை தாண்டத் தெரியாது. இங்க தனியா எப்படி இருப்பீங்க? ஊருக்குப் போயிருங்க” என்றான்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். டிராம் தண்டவாளத்தைத் தாண்டினால் ஆறு. போகும்போது அது இடக்கைப் பக்கம், திரும்பும்போது வலக்கைப் பக்கம். யாரிடமும் வழி கேட்பதில்லை என்று வைராக்கியம்.

அரிசிப் படகுகளையும் மெட்ராஸ் கப்பலையும் பார்த்தபடி நடந்தேன். சிலர் முறைத்தார்கள். நானும் முறைத்தேன். லத்தா படித்துறையில் மொகிங்கா என்ற மீன்குழம்புச் சேவை விற்றுக்கொண்டிருந்த பர்மாக்காரி, “கூட ஆம்பளை இல்லை?” என்று அரைகுறைத் தமிழில் கேட்டாள். செத்துப்போனதைச் சொன்னேன். நம்மவர்கள் என்றால் முகத்தைத் திருப்பியிருப்பார்கள்.

“என் புருஷனும் செத்தான். அதுக்காகப் பசிக்காதா?” என்று மீன்குழம்பு ஊற்றிய கிண்ணத்தை நீட்டினாள். சட்டி கழுவ ஆள் வேண்டும் என்றாள். நான் வருகிறேன் என்றேன்.

சாயங்காலம் வாசலில் கொழுந்தன் நின்றிருந்தான். “எங்க போனீங்க?”

“கப்பல் எங்க நிக்குதுன்னு பார்த்துட்டு வரேன் தம்பி. டிக்கெட்டை வீணாக்காம நீங்க ஏறிப் போங்க. வழி நான் காட்டறேன்.”

அவன் ஏறவில்லை. நானும் ஏறவில்லை. மறுநாள் காலை வேலைக்கு நடந்தபோது, ஆறு என் இடக்கைப் பக்கம் இருந்தது.